துரையின் ஜீப்புக்கு மாட்டிய ரப்பர்

ஜீப் என்ற பேச்சை எடுத்தாலே இப்போது பலருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர், யுத்த காலத்து ஜீப் மலையேறும், ஓடையில் இறங்கும், எப்பேர்ப்பட்ட சேற்றையும் தாண்டும் என்று சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே அளந்துகொண்டிருந்தார். அது சேற்றில் என்ன செய்யும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் சேறு தடுக்கிற ரப்பரை என் கையால் வெட்டி மாட்டியிருக்கிறேன். பந்தியில் அதைச் சொல்லியிருந்தால் மனிதர் இன்னும் உற்சாகமாகியிருப்பார். எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். மோருக்குக் காத்திருந்தேன்.

ஆவடிக்குப் பட்டாளத்து டிப்போ வந்த யுத்த வருஷங்கள் அவை. முதலில் ரயில் பாதையை ஒட்டிய பொட்டல் போயிற்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கழனிகள் போக ஆரம்பித்தன. தண்டோராக்காரன் வந்து தட்டிவிட்டுப் போவான். அப்புறம் ஒரு நாள் துரையின் ஜீப் வரும், முளைக்குச்சி அடிப்பார்கள், குச்சிக்கு அந்தப் பக்கம் நம்முடையது இல்லை. அதன் பின்னாலேயே லாரிகள் வந்து சரளை மண்ணைக் கொட்டும். எங்கள் ஊர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், திருவேற்காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். அந்த வருஷம் ஆடியிலேயே எங்கள் ஊருக்கும் தண்டோரா போட்டாகிவிட்டது. முளைக்குச்சி மட்டும்தான் பாக்கி.

தண்டோரா போட்ட பிறகும் அப்பா நாற்று விட்டார், நடவு நட்டார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அப்பாவை அசைக்க முடியவில்லை. நிலம் போய்விடும் என்பதை அவர் அப்போதே ஒத்துக்கொண்டுவிட்டார், அதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். மற்ற ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், பட்டணத்துக்கு நடந்தார்கள், வக்கீலைப் பார்த்தார்கள். அப்பா எங்கும் போகவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த சம்பாவ மட்டும் அறுத்துக்கினா போதும்டா. தை பொறந்ததும் அறுத்துருவேன். அப்பால அவன் குச்சிய அடிச்சிக்கட்டும், கட்டடம் கட்டிக்கட்டும்."

ரங்கூன் அரிசி நின்றுபோய், கடையில் கிடைத்த கொஞ்ச அரிசியிலும் கல்லும் புழுவும் இருந்த காலம். வீட்டில் அம்மா, புருஷனை இழந்து வந்திருந்த அக்கா, அவள் பிள்ளைகள், அப்பா, நான். அந்தக் கழனி நெல் வீட்டுக்கு வந்தால் அடுத்த வருஷம் முழுக்கச் சாப்பாடு. வராவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பயிர் என்னவோ அந்த வருஷம் கண் பட்டுவிடும் போல வந்திருந்தது.

நான் பூந்தமல்லியில் ஒரு பஸ் ஷெட்டில் ஃபிட்டர் வேலை கற்றவன். எங்கள் நிலத்தை எடுக்கப்போகிற டிப்போவிலேயே எனக்குத் தினக்கூலி வேலை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுற்றுப்பட்டில் கை கால் திடமாக இருந்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தோம். வேறு எங்கே போவது?

எல்லை குறிக்கிற துரைக்கு ஒரு ஜீப்பும் அதன் பின்னால் ஒரு சின்ன டிரெயிலரும் கொடுத்திருந்தார்கள். டிரெயிலரில் சர்வேயரின் பெட்டி, வரைபடங்கள், முளைக்குச்சிக் கட்டு எல்லாம் போகும். ஜீப்பை ஓட்டியவர் ராயபுரத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் எனக்கு அண்ணாத்தே. கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு மத்தியானம் அவர் ஜீப்பை எங்கள் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியின் பச்சை நிறமே தெரியவில்லை.

"இன்னா அண்ணாத்தே, சேத்துல பொரட்டி எடுத்துகினு வந்துகீற?" என்றேன்.

"வண்டிய உடு நைனா, தொரைய பாக்கணும் நீ. மீச வரைக்கும் சேறு. முன் சக்கரம் அட்ச்சி அவுரு மேல வீசுது, பின் சக்கரம் அட்ச்சி டிரெயிலர்ல வீசுது. மேப்பு பூரா கூழு. நெமிலிச்சேரி பக்கம் பாதி வேலைல திரும்பிட்டோம். மனுசன் கடுகடுன்னு கீறாரு. ஸ்டோர்ல கேட்டா, இந்த வண்டிக்கு அப்புடி ஒரு சாமானே வர்லன்றான். நீ எதுனா பண்ணித் தாயேன்."

அந்த ஜீப்பில் சக்கரத்துக்கு மேலே தகடு உண்டு, பின்னால் தொங்குகிற தடுப்பு கிடையாது. எங்கள் ஷெட்டில் அந்தத் தடுப்புக்கு மட்கார்டு ரப்பர் என்று பெயர். பஸ்களுக்கு மாட்டிப் பழக்கம் இருந்தது. பார்க்கலாம் என்றேன்.

இதை வீட்டில் சும்மா சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகத்தான் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"காசு பேசிட்டியா?"

"இன்னும் செய்யவே இல்ல நைனா."

"பேசாத. காசு வாங்கினா அது கூலி. வாங்கலன்னா அது மொய்."

எங்கள் பக்கத்தில் மொய் என்றால் விளையாட்டு இல்லை. என் வீட்டு விசேஷத்தில் நீ வைத்தால், உன் வீட்டு விசேஷத்தில் நான் திருப்பி வைத்தே தீர வேண்டும். வைக்காதவன் எந்தப் பந்தலிலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. பந்தலில் வைக்கும்போது ஊர்ப் பேரையும் வைத்தவர் பேரையும் உரக்கக் கூவுவார்கள், நாளைக்கு நான் வாங்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. அப்பா துரையையும் அந்தப் பந்தலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்.

"மாட்டி முடிச்சதும் தொரை காதுல உயுற மாதிரி சொல்லணும். இன்ன ஊரு, இன்னாரு ஊட்டு மொய்யின்னு. அப்பால அறுப்ப பத்தி கேளு. தை வரைக்கும் பொறுத்துக்கோன்னு கேளு. மாட்டேன்னு சொல்ல வாய் வராது அவுருக்கு."

"அவன் வெள்ளைக்காரன் நைனா. மொய்யின்னா இன்னான்னு அவனுக்குத் தெரியுமா?"

"ஏன், அவன் ஊர்ல கல்யாணம் காட்சி கெடயாதா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது, அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஆனால் படுத்த பிறகு யோசித்தால் எனக்கும் ஆசை ஒட்டிக்கொண்டுவிட்டது. துரையின் பக்கத்தில் போய் நிற்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேறு வழி இல்லை. மனுக் கொடுத்தவர்கள் எல்லாம் வாசலில் நின்ற சிப்பாயைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள். நம்பிவிட்டேன்.

பழைய லாரி டயரை வெட்டிப் பார்த்தேன். கட்டை, அசையவே இல்லை. டியூப் ரப்பர் சுருண்டுகொண்டது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். பஸ் ஷெட் காலத்திலிருந்தே பழக்கம்.

"டயரு வாணாம் தம்பி. அரிசி மில்லு பெல்ட்டு ஒண்ணு கெடக்குது பாரு. உள்ள கேன்வாஸ், மேல ரப்பரு. மடங்கும், கியியாது," என்று மூலையிலிருந்து இழுத்துப் போட்டார். நல்ல அகலம். அப்பா பதிலுக்கு அவர் எருமைக்கு வைக்கோல் கட்டு ஒன்றை மாட்டுவண்டியில் அனுப்பிவைத்தார். பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார். அப்பா கேட்கவில்லை. இந்த மொய்யில் எதுவும் ஓசியாக இருக்கக் கூடாதாம்.

ரப்பரை வெறும் கத்தியால் வெட்டினால் கத்தி சிக்கிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து இழுக்க வேண்டும். மரக்கட்டை மேல் வைத்து, நுனி தீட்டிய குழாய்த் துண்டால் அடித்துத் துளை போட்டேன். போல்ட்டு நேராக ரப்பரில் உட்கார்ந்தால் நாலு நாளில் துளை பெரிதாகிக் கழன்றுவிடும் என்பதால், மேல் விளிம்பு முழுக்க ஒரு பட்டை இரும்பை வைத்து நெருக்கி முடுக்கினேன். முன் சக்கரத்துக்கு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்து, டயர் உரசாத அளவுக்கு ஓரத்தைச் சீவினேன். பின் சக்கரத்தில்தான் ஏமாந்தேன். சேறு அதிகம் என்று நீளமாக விட்டுவிட்டேன். அண்ணாத்தே வண்டியைப் பின்னுக்கு எடுத்ததும் டயர் அதைக் கவ்வி, பட்டையோடு பிய்த்துத் தள்ளிவிட்டது. மறுபடி வெட்டினேன், இந்தத் தடவை தரைக்கு மேல் ஒரு சாண் விட்டு. வேகத்தில் பறக்காமல் இருக்கக் கீழ் விளிம்பிலும் கனமான பட்டை ஒன்றை வைத்து இறுக்கினேன்.

ஷெட்டுக்குப் பின்னால் குட்டை மாதிரி தண்ணீர் தேங்கிய இடம் உண்டு. என்னை டிரெயிலரில் உட்காரவைத்து அண்ணாத்தே அதில் வண்டியை விரட்டினார். என் வேட்டியில் ஒரு பொட்டு விழவில்லை.

"மாமே, ஸ்டோர்காரன் செத்தான்!" என்று இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வேலையைச் செய்துவிட்டுப் பெருமைப்படாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

சாயங்காலம் துரை வந்தார், சர்வேயரும் கூட வந்தார். துரைக்கு என் வயதுதான் இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. பின்சக்கர ரப்பரைப் பூட்ஸ் நுனியால் உதைத்தார். அது ஆடிவிட்டுத் திரும்பி நின்றது. சிரித்தார். நல்ல சிரிப்பு, அதைப் பொய்யாகச் சொல்ல எனக்கு மனசில்லை. பையில் கைவிட்டு ஏதோ எடுத்தார். நான் வேண்டாம் என்று கும்பிட்டேன். பந்தலில் மொய் கூவுகிற அதே குரலில் ஊர்ப் பேரைச் சொன்னேன், அப்பா பேரைச் சொன்னேன், மொய் என்று சொன்னேன். தை அறுப்பு வரைக்கும் எங்கள் கழனியை விட்டுவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஷெட்டில் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

அண்ணாத்தே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைத் துரைக்குச் சொன்னார். எனக்கு அதில் அப்பா, ஊர், பரிசு என்கிற அளவுக்குப் புரிந்தது. துரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சர்வேயரிடம் ஏதோ கேட்டார். சர்வேயர் வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்து எங்கள் ஊர் மேல் விரலை வைத்தார். துரை என் தோளைத் தட்டிவிட்டு ரெண்டு வார்த்தை சொன்னார்.

"நாளைக்கு ஒங்க ஊருக்குத்தான் மொதல்ல வராராம்," என்றார் அண்ணாத்தே. "நீயே வண்டில குந்தி வயி காட்டணுமாம்."

"அறுப்ப பத்தி சொன்னியா?"

"சொன்னேன் நைனா. தலைய ஆட்டினாரே, நீயும் பாத்த இல்ல?"

பார்த்தேன். அந்தத் தலையாட்டலை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். அப்பா அதை என்னிடமிருந்து மூன்று நான்கு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படி ஆட்டினார், மேலும் கீழுமாகவா பக்கவாட்டிலா என்றெல்லாம் கேட்டார். மேலும் கீழுமாக என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தெருவில் இறங்கி எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "தொரை நம்ம பயிர பாக்க வராரு" என்று சொல்லிக்கொண்டு போனார். அக்கா பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். அம்மா மட்டும், நிஜந்தானாடா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தூறல் விடவில்லை. வண்டிப்பாதை முழங்கால் சேறு. அண்ணாத்தே சக்கரங்களுக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் பின்னால் சர்வேயரோடு உட்கார்ந்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். மாட்டுவண்டிகள் அச்சு வரை இறங்கி நின்ற இடத்தையெல்லாம் ஜீப் உறுமிக்கொண்டு தாண்டியது. துரையின் கால்சட்டையில் சேறு இல்லை. டிரெயிலரில் மூடியிருந்த தார்ப்பாயில்கூட இல்லை.

எங்கள் கழனி மேட்டுப் பக்கம். அடியில் கெட்டித் தரை, தண்ணீர் அவ்வளவாக நிற்காது. வரப்பில் அப்பா நின்றிருந்தார், சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் சீவிய இளநீர். ஊரே பின்னால் நின்றது. துரை இறங்கிப்போய் இளநீரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் தேங்க்ஸ் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நம் வீட்டில் கை நனைத்துவிட்டார், இனிமேல் என்ன பயம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

துரை காலிக் காயை அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வரைபடத்தைப் பார்த்தார். கையை நீட்டி ஒரு கோடு காட்டினார். கோடு எங்கள் கழனிக்கு நடுவில் போயிற்று. ஏறி உட்கார்ந்து, போ என்றார்.

"அண்ணாத்தே, பயிரு! பயிரு கீது!" என்று கத்தினேன்.

"நான் இன்னா பண்றது நைனா, ஓட்டுன்றாரே," என்று அவர் திரும்பாமலேயே சொன்னார்.

ஜீப் வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. கொஞ்ச தூரம் போய் நிற்கும், சர்வேயர் அளவுக் கருவியின் கண்ணாடியில் பார்ப்பார், பின்னால் நடந்து வந்த டிப்போ ஆட்கள் முளைக்குச்சி அடிப்பார்கள், மறுபடி கொஞ்ச தூரம். மேலக் கோடி வரைக்கும் போய், திரும்பி வேறு தடத்தில் வந்தது. நான் வண்டியிலேயே இருந்தேன். குதித்திருக்கலாம். குதித்து என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கதிர்கள் ஜீப்பின் அடியில் பட்டுச் சரசரத்துக்கொண்டே இருந்தன. அப்பா இடத்தை விட்டு அசையவில்லை. இளநீர்க் காய் கையிலேயே இருந்தது.

வரப்புக்குத் திரும்பி வந்ததும் சர்வேயர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மனிதருக்கு அத்தனை சந்தோஷம். என் பக்கம் திரும்பி, அப்பா காதில் நன்றாக விழும்படியே சொன்னார்.

"நல்ல வேலை பண்ணினேப்பா. இந்த ரப்பர் இல்லேன்னா இந்தப் பக்கம் தை மாசம் கழிச்சுதான் வர்றதா இருந்தது. சேறு காயட்டும்னு துரையே சொல்லிட்டார். நீதான் எங்களை மீட்டே."

அவர் பாராட்டத்தான் சொன்னார்.

அறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தேனே, அதற்கும் துரை மறக்காமல் பதில் வைத்திருந்தார். அண்ணாத்தே கீழே பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். லாரி வருகிற வரைக்கும் அறுத்துக்கொள்ளலாமாம், தடையில்லையாம். லாரி இந்தத் திங்கட்கிழமையே வருகிறதாம். துரை கையசைத்துவிட்டுப் போனார். அவர் கணக்கில் நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டார்.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு அப்பா கழனிக்குள் இறங்கினார். நானும் பின்னால் போனேன். ஓங்கி ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன், விட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. சக்கரம் போன தடத்தில் சேறு எகிறிக் கிடக்கவில்லை. சக்கரம் ஒரு சாண் சேற்றில் அமுங்கியதால், கீழ் விளிம்பில் நான் வைத்த கனமான பட்டைகள் பயிரைச் சேற்றோடு சேர்த்து மழமழவென்று அமுக்கிக்கொண்டே போயிருந்தன. அப்பா குனிந்து அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பரம்படிச்ச மாதிரி கீதுடா," என்றார். விதைக்கிறதுக்கு முன்னால் பலகை போட்டுச் சமன் செய்த நிலம் போல இருக்கிறது என்று. குரலில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த ரப்பரைப் பற்றி அவர் சாகும் வரைக்கும் பேசவில்லை.

நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஒரு மணியைக் கிள்ளினால் வெள்ளையாகத் தண்ணீர் வரும், அரிசி இருக்காது. லாரி வந்தால் அதுவும் இல்லை என்று எல்லோரும் அரிவாளோடு இறங்கினோம். அம்மா இறங்கினாள், அக்கா இறங்கினாள். அறுக்க அறுக்கக் கை பிசுபிசுத்தது. கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோகவில்லை, அடித்துத் தூற்ற அதில் என்ன இருக்கிறது? நேராகத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். தை பிறந்தபோது வீட்டில் புதுப்பானை ஏற்ற நெல் இல்லை. மாடுகள் மட்டும் அந்த இனிப்புக்கு ஆசைப்பட்டு வயிறு முட்டத் தின்றன.